சுவரொட்டி

போன வருஷம் அம்பேத்கர் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்னால் கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர் திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மாட்டுக்கறி விருந்து நடத்தப்போகிறார்களாம். 'தோழர், சுவரொட்டிக்கு நாலு வரி எழுதிக் குடுங்க. கவிதை மாதிரி இருக்கணும், ஆனா புரியணும்' என்றார்கள். உள்ளே படுத்திருந்த அம்மா தலையைத் தூக்கி, 'சுவரொட்டியா? எந்தக் கடையில கெடச்சுது?' என்று கேட்டது.

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். ஒருவனுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. ஆட்டின் மண்ணீரலுக்குத்தான் எங்கள் பக்கம் சுவரொட்டி என்று பெயர். ரத்தம் கம்மியாக இருக்கிறவர்களுக்கு, பிள்ளை பெற்றவளுக்கு, வயசுக்கு வந்த பெண்ணுக்கு நெருப்பில் சுட்டோ மிளகு போட்டு வறுத்தோ கொடுப்பார்கள். ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான் இருக்கும். முந்தின நாளே கறிக்கடையில் சொல்லி வைக்கவேண்டும். எங்களுக்குச் சுவரொட்டி என்றால் கோஷம். அம்மாவுக்கு ரத்தம். மாட்டுக்கறி பற்றி நாம் முப்பது வருஷமாக முதல் சுவரொட்டியின் மொழியிலேயே பேசிக்கொண்டிருக்கிறோம். உரிமை, கலகம், எதிர்ப்பண்பாடு… எல்லாம் சரிதான். ஆனால் அம்மா கேட்ட இரண்டாவது சுவரொட்டியைப் பற்றி யார் பேசுவது?

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் மதியம் பத்துப் பேர் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். எனக்கு நேர் எதிரே உட்காரும் மூத்த அலுவலர் ஒருவர் நல்ல மனிதர். என் டப்பாவைத் திறந்ததும் முகம் சுளிக்கிறவர் இல்லை. அக்கறையாகத்தான் சொல்வார்: 'தம்பி, நான்வெஜ்ஜ விட்டுடுங்க. ஒடம்பு லேசாயிடும். டாக்டர்ஸே சொல்றாங்க.' சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து சர்க்கரை மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டு, சாம்பார் சாதம், ரசம் சாதம், தயிர் சாதம், அப்பளம் என்று வரிசையாக ஆரம்பிப்பார். அவருக்குச் சர்க்கரை வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. கறியைத் தொடாமலே வந்த சர்க்கரை.

அவரைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. என் கவலை வேறு. 'தீட்டு' என்று சொல்லி நம் தட்டை ஒதுக்கிய காலம் ஒன்று இருந்தது. அதை இப்போது வெளிப்படையாகச் சொல்ல முடியாது. அந்த இடத்தில் 'ஆரோக்கியம்' வந்து உட்கார்ந்திருக்கிறது. 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. உணவுக்கூடம் ஒன்றில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனி வாசல், கை கழுவத் தனி இடம் என்று அறிவிப்பு ஒட்டினார்களே, அங்கே சுகாதாரம் படித்தவர்களுக்குப் பஞ்சமா? கறி தின்ற கை கழுவிய குழாயில் என்ன நோய் ஒட்டிக்கொண்டிருக்கும்? அது உடம்பைப் பற்றிய பயமில்லை. எல்லோருக்கும் அது தெரியும்.

இப்படிச் சாதியும் ஆரோக்கியமும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கிற இடத்தில் நாம் என்ன செய்கிறோம்? 'சைவம்தான் நல்லது' என்று அவர்கள் சொன்னால் 'கறிதான் நல்லது' என்று பதிலுக்குக் கத்துகிறோம். இரண்டு பக்கமும் பட்டிமன்றம். நடுவில் ஒரு தட்டு இருக்கிறது. அதில் நிஜமாக என்ன இருக்கிறது என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை. பார்க்க வைத்தது அம்மாவின் உடம்பு.

*

அம்மா நகராட்சிப் பள்ளியில் சத்துணவு உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றது. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், இப்போது இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். மாத்திரையோடு அச்சடித்த தாள் ஒன்றும் கொடுத்தார்கள். காலையில் இட்லி மூன்று, மதியம் சாதம் ஒரு கப், சாம்பார், கூட்டு, பொரியல், தயிர், சாயங்காலம் ஒரு ஆப்பிள், பாதாம் ஐந்து, இரவு சப்பாத்தி. கடைசி வரி தடித்த எழுத்தில்: 'அசைவம் தவிர்க்கவும்.'

அந்தத் தாளில் காசு செலவில்லாமல் கடைப்பிடிக்கக்கூடிய வரி அந்தக் கடைசி வரி ஒன்றுதான். அம்மா அதைக் கடைப்பிடித்தது. மீன் இல்லை, முட்டை இல்லை, கறி இல்லை. ஆப்பிளும் பாதாமும் தினம் வாங்குகிற வீடில்லை எங்கள் வீடு. கூட்டு, பொரியல் என்று தினமும் இரண்டு வகை செய்ய அம்மாவுக்கு உடம்பில் தெம்பும் இல்லை. மிஞ்சியது என்ன? சோறு. ரசம் ஊற்றிய சோறு, மோர் ஊற்றிய சோறு, ஊறுகாய், உருளைக்கிழங்கு. அந்த 'ஒரு கப்' எங்கள் வீட்டுக் கிண்ணத்தில் எத்தனை கப் என்று யாரும் அளக்கவில்லை. கறி இல்லாத குறைக்கு இன்னும் ஒரு கரண்டி சோறு என்று ஆனது.

இரண்டு வருஷம். மூன்று மாதச் சர்க்கரை அளவு 7.8 இருந்தது 9.6 ஆனது. ரத்தம் 8.4 கிராம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பாதம் மரத்துப்போனது. 'சக்கர முத்திப்போச்சு' என்று தெருவில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள்.

பிறகு அரசு மருத்துவமனை ஒன்றில் பார்த்தோம். இளம் வயசுப் பெண் மருத்துவர். ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால், 'நேத்து காலையிலேர்ந்து என்னென்ன சாப்ட்டீங்கம்மா, ஒண்ணொண்ணா சொல்லுங்க' என்றார். அம்மா சொன்னது. அவர் எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை வைத்துவிட்டு, 'எல்லாமே சோறா இருக்கேம்மா?' என்றார். அம்மா சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்:

'டாக்டரு கறி துண்ணக்கூடாதுன்னுதாம்மா சொன்னாரு. சோறு துண்ணக்கூடாதுன்னா சொன்னாரு?'

அவர் சோற்றைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். அந்த இடத்தில் பருப்பு, சுண்டல், கீரை, தினம் ஒரு முட்டை, வாரத்தில் மூன்று நாள் மீன். வறுக்காமல், குழம்பில் போட்டு. ரத்தத்துக்கு இரும்பு மாத்திரையும் எழுதினார். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்த பிறகே புரதத்தைக் கூட்டச் சொன்னார், அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த மரத்துப்போன பாதத்துக்கு இன்னொரு காரணமும் சொன்னார். சர்க்கரைக்குக் கொடுக்கிற மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்கில் போட்டால் உடம்பில் பி12 என்கிற வைட்டமின் குறையலாம். அந்த பி12 மீன், முட்டை, கறி, பாலில்தான் இருக்கிறது. கீரையிலும் பருப்பிலும் கிடையாது. அம்மா மாத்திரையையும் போட்டது, மீனையும் முட்டையையும் விட்டது. பால் டீயில் விடுகிற அளவோடு சரி. இரண்டு பக்கமும் இழப்பு.

ஆறு மாதத்தில் சர்க்கரை 7.4, ரத்தம் 10.9. சாப்பாடு மட்டும்தான் இதைச் செய்தது என்று சொல்லமாட்டேன். மாத்திரையும் சேர்ந்துதான் செய்தது. ஆனால் மாத்திரை அந்த இரண்டு வருஷமும் இருந்ததே.

*

இனி ஒரு கணக்கு.

மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறை 2014-இல் எடுத்த கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 சதவீதத்துக்கும் மேலானவர்கள் அசைவர்கள். இந்தியா முழுவதும் 71 சதவீதம். 'சைவ நாடு' என்கிற பெரும்பொய் இந்த ஒரு எண்ணிலேயே உடைந்துபோகிறது. நாமும் இந்த எண்ணைப் பல மேடைகளில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறோம்.

அடுத்த எண்ணைச் சொல்வதில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் கறி தின்கிற ஊரில் பாதிக்குமேல் பெண்களுக்கு எப்படி ரத்தமில்லாமல் போகும்?

விடை எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அரைக்கிலோ எடுக்கிறோம். ஆறு பேர். முதலில் அப்பாவுக்கு, பிறகு வேலைக்குப் போகிற பிள்ளைக்கு, பிறகு சின்னதுகளுக்கு. அம்மாவுக்குக் கொழம்பு. சட்டியை வழித்து அதில் சோற்றைப் போட்டுப் பிசைந்து தின்றால் அது அசைவம் ஆகிவிடுமா? கணக்கெடுக்க வருகிறவரிடம் அம்மாவும் 'நாங்க கறி துண்றவங்கதான்' என்றுதான் சொல்லும். அந்த ஆய்விலேயே இந்திய அளவில் அசைவம் சாப்பிடுகிற ஆண்கள் 83.4 சதவீதம், பெண்கள் 70.6 சதவீதம். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இந்த இடைவெளி. பார்ப்பனியம் நம் தட்டை ஒதுக்கியது என்று பேசுகிற நாம், நம் வீட்டுக்குள் யார் தட்டை ஒதுக்கினோம் என்று கேட்டுக்கொண்டோமா?

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். 'அசைவர்' என்பது நமக்கு ஒரு பெயர். சமூகம் வைத்த பெயர், நாம் நிமிர்ந்து ஏற்றுக்கொண்ட பெயர். ஆனால் அது நம் உணவு இல்லை. நம் உணவு சோறு. வாரத்தில் ஆறு நாள், மூன்று வேளையும் சோறும் அதன் பிள்ளைகளான இட்லியும் தோசையும்தான். கறி வாசனைக்கு வந்துபோகிறது. அதனால் நமக்கு வருகிற நோய்க்குக் கறியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் பொய், நம் ஆரோக்கியத்துக்குக் கறியைச் சாட்சியாகக் கூப்பிடுவதும் பொய்.

இது நேற்று ஏற்பட்டதல்ல. ராயபுரம் பக்கம் மணியக்காரர் சத்திரம் இருக்கிறது. 1782-இல் பஞ்சத்தில் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஆரம்பித்த இடம். அதை ஒட்டி வளர்ந்த ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பெரிசுகள் இன்றைக்கும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலைக்குப் போனவர்களின் கூலியைச் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்கிற வெள்ளைக்கார அதிகாரி வெட்டினார். நாள் முழுக்க மண் சுமக்கிறவனுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக்கிலோவுக்கும் கீழே, கூட அற்பக் காசு. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அன்றைக்கே அதை எதிர்த்தார். அந்த அளவில் உழைக்கிற உடம்பு நிற்காது என்றார். உடம்புகள் நிற்கவும் இல்லை. 1920-களில் குன்னூரில் மெக்காரிசன் என்கிற ஆராய்ச்சியாளர் இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி, எப்போதாவது கறி என்றிருந்த சீக்கியர் உணவில் வளர்ந்த எலிகள் திடமாக இருந்தன. கடைசி இடம் பட்டை தீட்டிய அரிசியை நம்பிய 'மதராஸி' உணவுக்கு. அந்தக் குன்னூர்க் கூடம்தான் பின்னால் ஹைதராபாத்துக்குப் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.

அந்த நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில் 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு, முட்டை, மீன், கறி எல்லாம் சேர்த்து 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம் என்று போட்டிருக்கிறது. நம் ரேஷன் கடையில் 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம். அதனால் எத்தனை அடுப்பு எரிந்தது என்று எனக்குத் தெரியும், அதைக் குறை சொல்கிறவன் வாயில் மண். ஆனால் பருப்பு? ஒரு கார்டுக்கு மாதம் ஒரு கிலோ. நாலு பேர் வீட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் வருகிறது. முட்டை இல்லை. 8-க்கும் 85-க்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தை எதைப் போட்டு நிரப்புகிறோம்? சோற்றைப் போட்டுத்தான். சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்திய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு 2025-இல் சொன்னதும் இதுதான்: இந்தியர்களின் உணவுச் சக்தியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதே ஆய்வு வரிசை 2023-இல் நாட்டில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை என்று கணக்குச் சொன்னது. பணக்கார வியாதி என்று நினைத்தது குடிசைக்குள் வந்து பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டது.

*

சைவத்தின் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. நேர்மையாகச் சொல்லவேண்டும்.

அமெரிக்காவில் அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவ சபையினர் எழுபதாயிரம் பேருக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. அவர்களில் சைவ உணவுக்காரர்களின் இறப்பு விகிதம் மற்றவர்களைவிட 12 சதவீதம் குறைவு. இங்கிலாந்தில் 48,000 பேரைப் பதினெட்டு வருஷம் கவனித்த ஆய்வு 2019-இல் வந்தது. சைவர்களுக்கு இதய நோய் 22 சதவீதம் குறைவு, ஆனால் பக்கவாதம் 20 சதவீதம் அதிகம். மீன் சாப்பிட்டுக் கறியை விட்டவர்களுக்கும் இதய நோய் குறைவுதான், பக்கவாதம் அப்படிக் கூடவில்லை. 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சாசேஜ், ஹாம் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவது என்றே வகைப்படுத்தியது. தினம் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும். மாடு, ஆடு, பன்றி இறைச்சியை 'அநேகமாக உண்டாக்கும்' என்ற வரிசையில் வைத்தது.

இதையெல்லாம் நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் அந்த அமெரிக்கச் சைவர் தட்டில் என்ன இருக்கிறது? பயறு, கொட்டை, பழம், தீட்டாத தானியம். அவர் குடிப்பதில்லை, புகைப்பதில்லை. நம் ஊர்ச் சைவச் சாப்பாட்டை அந்தத் தட்டின் பக்கத்தில் வைத்து 'நாங்களும் அதே கட்சி' என்று சொல்வது மோசடி. அதுபோல, தினம் கால்கிலோ மாட்டுக்கறி தின்கிற வெள்ளைக்காரனுக்கு வந்த எச்சரிக்கையை, வாரத்தில் இரண்டு துண்டு கிடைக்கிற புளியந்தோப்புக்காரியிடம் வாசித்துக் காட்டுவதும் மோசடி.

அறிவியல் சொல்வது இவ்வளவுதான். பருப்பும் பயறும் கீரையும் காயும் கொட்டையும் பாலும் போதிய அளவு கிடைக்குமானால் சைவமாகவும் நன்றாக வாழலாம். அது கிடைக்கப் பணம் வேண்டும். பணமில்லாத இடத்தில் ஒரு முட்டை, இரண்டு மத்தி, ஒரு துண்டு ஈரல் ஆகியவைதான் குறைந்த செலவில் பெரிய பள்ளத்தை அடைக்கும். கறியில், ஈரலில், சுவரொட்டியில் உள்ள இரும்பு உடம்பில் நன்றாக ஒட்டும். கீரையில் உள்ளது அந்த அளவு ஒட்டாது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் கூடும், சாப்பிட்டவுடன் டீ குடித்தால் குறையும். செம்மறி மண்ணீரலில் 100 கிராமுக்கு 40 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு இருக்கிறது, ஈரலைவிடப் பல மடங்கு. படிக்காத கிழவிகள் சும்மா சொல்லவில்லை.

கொல்லாமையின் பேரில் கறி வேண்டாம் என்றால்? அந்தக் குரலுக்குத் திருவொற்றியூர்க்காரனான நான் மரியாதை கொடுப்பேன். சென்னை ஏழுகிணற்றில் குடியிருந்து திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடந்து வந்த வள்ளலார் புலாலை மறுத்தவர். கறி தின்கிறவர்களைப் 'புற இனத்தார்' என்று பிரித்தவரும்கூட. ஆனால் அவர்களுக்கும் பசியை நீக்கியே ஆகவேண்டும் என்றார். 1867-இல் வடலூரில் சாதி பார்க்காமல் சோறு போட்டார். பசி தீர்ப்பது முதலில், மற்றதெல்லாம் பிறகு. 2015-இல் மத்தியப் பிரதேச முதல்வர் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை கிடையாது என்றாரே, 2025 ஜனவரியில் மகாராஷ்டிர அரசு பள்ளி முட்டைக்குக் காசு கிடையாது என்றதே, அங்கே வேலை செய்தது கருணையா? பிள்ளையின் பசியைவிடத் தன் ஆசாரத்தைப் பெரிதாக நினைக்கிற குணத்துக்குக் கருணை என்று பெயரில்லை.

அம்பேத்கர் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். 1927 மகாடில் செத்த மாட்டின் கறியை விடுங்கள் என்று நம்மிடம் சொன்னார். அது சுயமரியாதை. அடுத்தவன் எறிந்ததைத் தின்னாதே என்பது. 1948-இல் 'தீண்டப்படாதவர்கள்' நூலில் மாட்டுக்கறிக்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவை வரலாற்றில் தேடினார். நம்மைச் சுத்தமாக்கிக்கொள்ளச் சொல்லி அவர் அந்த நூலை எழுதவில்லை. சுத்தம் என்கிற கதையையே உடைக்க எழுதினார்.

*

இப்போது நம் பக்கம் திரும்புகிறேன். தோழர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஆட்டுக்கறி விலையில் பாதிகூட இல்லாத மாட்டுக்கறி நம் தெருவின் மலிவான புரதம். அதைத் தடுக்கிறவனை எதிர்த்து நிற்கவேண்டும். 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு வந்தது. பிறகு மழையைக் காரணம் காட்டித் திருவிழாவே தள்ளிப்போனது. அந்த எதிர்ப்பில் நானும் கையெழுத்துப் போட்டவன்.

ஆனால் நம் கூட்டம் முடிந்ததும் நாம் தின்பது என்ன? சிவப்புப் பொடி போட்டு, காலையிலிருந்து கொதிக்கிற அதே எண்ணெயில் பொரித்த சில்லி பீஃப். கூட நாலு பரோட்டா, சால்னா. சில பேருக்கு அதற்கு முன்னால் பாட்டில். இதற்கும் 'எங்கள் பண்பாடு' என்று பெயர் சூட்டிக்கொள்கிறோம். நாற்பத்தைந்து, ஐம்பது வயசில் மாரடைப்பில் போன நம் பாடகர்களை, பறையடிக்கிறவர்களை, வட்டச் செயலாளர்களை விரல்விட்டு எண்ணுங்கள், கை போதாது. நம் ஆயாக்கள் மாட்டுக்கறியை அவரைக்கொட்டை, கத்திரிக்காய் போட்டுக் கொழம்பு வைத்தார்கள். உப்புக்கண்டம் போட்டு நாலு துண்டைப் பத்து நாளைக்கு வைத்துக்கொண்டார்கள். அதிலும் கருவாட்டிலும் உப்பு அதிகம், ரத்தக்கொதிப்புக்காரர்களுக்கு ஆகாது. அதையும் சொல்லத்தான் வேண்டும். எதிரி நம் உணவை இழிவுபடுத்துகிறான் என்பதற்காக, நம் உணவில் உள்ள கேட்டைப் பற்றி நாமே பேசாமலிருந்தால் செத்துப்போவது எதிரி இல்லை.

இன்னொன்று. 'மீன் சாப்பிடுங்கம்மா' என்று அந்த மருத்துவர் எழுதினார். எங்கே போய் வாங்க? காசிமேட்டில் வஞ்சிரம் கார்க்காரர்களுக்கு. எங்களுக்கு எண்ணூர்க் கழிமுகத்து மடவையும் எறாவும் நண்டும்தான் கட்டுப்படியாகும் மீன். அந்த ஆற்றில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் எத்தனை வருஷமாகக் கொட்டியது? 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை வழியாகக் கழிமுகம் முழுக்கப் படிந்தது. காட்டுக்குப்பத்திலும் சிவன்படைக் குப்பத்திலும் படகும் வலையும் கறுப்பாகக் கிடந்தன. தண்ணீரில் இறங்கிக் கையால் எறா பிடிக்கிற இருளர்களின் உடம்பில் எண்ணெய். மீன் வந்தபிறகும் வாங்க ஆளில்லை. அம்மா அன்றைக்கு, 'டாக்டரு எய்திக் குடுத்த மருந்து ஆத்துல செத்து மெதக்குது' என்றது.

ஆற்றைக் காப்பது சுற்றுச்சூழல்காரர்களின் வேலை, மாட்டுக்கறி தலித் இயக்கத்தின் வேலை, ரத்தசோகை நர்ஸம்மாவின் வேலை என்று பிரித்து வைத்திருக்கிறோமே, அந்தப் பிரிவினை யாருக்கு லாபம்? ஒரே தட்டுத்தான் அது.

முட்டையைப் பாருங்கள். 1982-இல் சத்துணவு வந்தது. 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை, 1998-இல் வாரம் ஒன்று, 2010-இல் வாரம் ஐந்து. நான் பள்ளியில் படித்தபோது முட்டை போடுகிற நாளுக்காகக் காத்திருந்தவன். அம்மாவோ அந்த முட்டைகளை உரித்து வைத்தவள். 'முட்ட போட்ற அன்னிக்கு வராத புள்ளயும் வரும்' என்று சொல்லும். அம்மா ஒரு முட்டையைக்கூட வாயில் போட்டதில்லை, கணக்கு இடிக்கும். கேட்டுக் கேட்டுத்தான் ஒன்று ஐந்தாக ஆனது. ஆகவே கேட்கலாம். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் வருகிறது. வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைக்கு அது பெரிய விஷயம். அதன்கூடச் சுண்டலோ முட்டையோ வரட்டும். ரேஷனில் பருப்பு மாதம் ஒரு கிலோவிலிருந்து மூன்றாகட்டும், முட்டையும் வரட்டும், சாப்பிடாதவர்களுக்குப் பயறு கொடுக்கட்டும். எண்ணூர் ஆறு மீன் பிடிக்கிற ஆறாக மிஞ்சட்டும். நம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சட்டியில் முதல் துண்டு யாருக்கு என்பதை மட்டும் அரசாங்கம் வந்து தீர்க்காது. அதை நாம்தான் தீர்க்கவேண்டும்.

பிள்ளைகளுக்கு நாலு வரி எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு வரிதான் எழுதினேன்: 'உன் வீட்டில் அம்மா தட்டில் கறி இருந்ததா?' படித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 'இது எதிரியக் கேக்கற மாதிரி இல்லியே தோழர், நம்மளயே கேக்கற மாதிரி இருக்கே' என்றான் ஒருவன். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

ஒட்டினார்களா என்று தெரியாது. விருந்து முடிந்த மறுநாள் காலையில், அந்தச் சுவரொட்டி என்னவென்றே தெரியாதவன் ஒரு பொட்டலத்தோடு வந்து நின்றான். சின்னது, உள்ளங்கை அகலம். 'கறிக்கடையில முந்தாநேத்தே சொல்லி வச்சேன் அம்மா' என்றான். அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, 'ஒங்கம்மாவுக்கு வாங்கினியாடா?' என்று கேட்டது.

அவன் பதில் சொல்லவில்லை.